ட்ரெபிள் குமிழைத் திருகும் முன்: வத்தேகம வீட்டு இசை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வத்தேகம நகரிலும் பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் வீட்டில் பாட்டுக் கேட்கும் அன்பர்களுக்கு,

வீட்டில் கேட்கும் பாட்டில் முதலில் தொலைந்துபோவது உயர் மீடிறன் ஒலி. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். பாடகரின் குரலும் வாத்தியங்களின் அடிச்சுரங்களும் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேலே இருப்பவை அந்தச் சுரங்களுக்கு நிறம் கொடுக்கும் மேற்சுரங்கள்: ஜால்ராவின் கிணுகிணுப்பு, சலங்கையின் சிலிர்ப்பு, மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழும் கணத்தின் கூர்மை, 'ச', 'ஸ', 'ஷ' ஆகிய எழுத்துகளின் காற்றொலி. இவை குறைந்தாலும் மெட்டு கெடாது. ஆனால் பாடுபவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். இவை மிகுந்தால் ஒவ்வொரு 'ஸ்'ஸும் காதில் குத்தும், அரை மணித்தியாலத்தில் கேட்பவர் களைத்துப்போவார்.

இரண்டு குறைக்கும் வீடுகளில் ஒரே பரிகாரம்தான் நடைமுறையில் இருக்கிறது: ட்ரெபிள் குமிழை ஒரு பக்கம் அல்லது மறுபக்கம் திருகுவது. குமிழ் மாற்றுவது பெட்டிக்குள் போகும் மின்சாரத்தை மட்டுமே. உயர் ஒலியோ பதிவிலிருந்து கேட்பவரிடம் வரும் வழியில் நான்கு இடங்களில் மாறுகிறது: மூலம், ஒலிபெருக்கி, அறை, காது. எந்த இடத்தில் குறை இருக்கிறது என்று தெரியாமல் திருகும் குமிழ், காய்ச்சல் என்னவென்று பாராமல் கொடுக்கும் குளிசை போன்றது.

மூலத்திலிருந்து தொடங்கலாம். மத்திய அலை வானொலியில் நிலையங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி 9 கிலோ ஹேர்ட்ஸ். ஆகவே அதில் வரும் ஒலி சுமார் 4.5 கிலோ ஹேர்ட்ஸுடன் நின்றுவிடும். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களை அந்த அலைவரிசையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பழகிய 'இனிமையான' ஒலி, உண்மையில் மேல்பகுதி வெட்டப்பட்ட ஒலி. பண்பலை 15 கிலோ ஹேர்ட்ஸ் வரை தரும். குறுந்தட்டு 20 கிலோ ஹேர்ட்ஸ் வரை தரும். பழைய கசெட்டிலிருந்து பிரதி எடுத்த பாட்டில் மேல்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். இல்லாததை எந்தக் குமிழும் உண்டாக்காது. இருக்கும் இரைச்சலைத்தான் அது பெருக்கும். எனவே ஓர் ஒலிபெருக்கியையோ அறையையோ மதிப்பிடும்போது நல்ல பதிவு ஒன்றை வைத்துக்கொள்வது முதல் நிபந்தனை.

அடுத்தது ஒலிபெருக்கி. அதன் நடத்தையைப் புரிந்துகொள்ள அலைநீளம் என்ற ஓர் அளவு போதும். ஒலி வளியில் செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் ஓடுகிறது. இதை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும்: 100 ஹேர்ட்ஸுக்கு 3.4 மீற்றர், 1,000 ஹேர்ட்ஸுக்கு 34 சென்ரிமீற்றர், 10,000 ஹேர்ட்ஸுக்கு 3.4 சென்ரிமீற்றர். தன் அலைநீளத்தைவிடச் சிறிய பொருள் ஒலிக்கு ஒரு தடையே அல்ல. அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய பொருளில் பட்டால் தெறிக்கும், அல்லது அதன் பின்னே நிழல் விழும். முன்னறையில் ஓடும் பாட்டின் 'பேஸ்' குசினிக்குள்ளும் கேட்பதும், ஜால்ரா மட்டும் வாசலோடு நின்றுவிடுவதும் இதனால்தான். உயர் ஒலி ஏறக்குறைய டோர்ச் வெளிச்சம்போல் நேரே போகிறது.

ஒலியை உண்டாக்கும் கூம்புக்கும் இதே விதி பொருந்தும். இன்றைய ஒலிபெருக்கியின் முன்னோடியான அசையும் சுருள் ஒலிபெருக்கியைச் செஸ்ரர் ரைஸும் எட்வர்ட் கெலொக்கும் அமெரிக்காவில் 1925 இல் வெளியிட்டனர். கடதாசிக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து வளியைத் தள்ளுவதே அதன் வேலை. கூம்பின் விட்டத்தைவிட அலைநீளம் பெரிதாக இருக்கும் வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலைநீளம் விட்டத்துக்குச் சமமாகி, பிறகு சிறுத்துப்போகும்போது ஒலி முன்பக்கமாகக் குவியத் தொடங்கும். 8 அங்குலக் கூம்பில் இது சுமார் 1,700 ஹேர்ட்ஸில் நிகழ்கிறது. 4 அங்குலக் கூம்பில் 3,400 ஹேர்ட்ஸ் அளவில். ஒரே கூம்பு மட்டும் உள்ள சிறு செட்டின் நேர் முன்னே இருப்பவருக்குக் கூர்மையாகக் கேட்பது, இரண்டு அடி தள்ளி அமர்ந்தவருக்கு மங்கலாகக் கேட்பதன் காரணம் இதுவே. அங்கே பழுது ஏதுமில்லை.

உயர் ஒலிக்கென்று ட்வீட்டர் என்ற சிறு ஒலிபெருக்கி தனியே வைக்கப்படுவது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அமெரிக்காவின் அக்குஸ்ரிக் ரிசேர்ச் நிறுவனத்தில் எட்கர் வில்ச்சர் 1958 இல் ஏஆர்-3 என்ற பெட்டியில் குவிமாட வடிவ ட்வீட்டரை அறிமுகப்படுத்தினார். அதன் அடுத்த வடிவமான ஏஆர்-3ஏ-யில் ட்வீட்டரின் விட்டம் வெறும் முக்கால் அங்குலம். இன்று பொதுவாகக் கிடைக்கும் 1 அங்குலக் குவிமாடம் 13 கிலோ ஹேர்ட்ஸ் வரை ஒலியை அகலமாகப் பரப்பும். பெட்டியின் பருமனும் அதில் எழுதியிருக்கும் 'வாட்ஸ்' கணக்கும் உயர் ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ட்வீட்டர் இருக்கிறதா, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் சொல்கின்றன.

பார்க்கும் பக்கம் என்பது வீடுகளில் பெரிதும் கவனிக்கப்படாத விடயம். இடம் மிச்சம் பிடிக்கவும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் இருக்கவும் பெட்டிகள் அலுமாரியின் தலையில் ஏற்றப்படுகின்றன. ட்வீட்டர் 1.8 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்றும், கேட்பவர் 2 மீற்றர் தள்ளிக் கதிரையில் அமர்ந்திருக்கிறார் என்றும் கொள்ளலாம். அவரது காது நிலத்திலிருந்து சுமார் 1 மீற்றர் உயரத்தில் இருக்கும். ட்வீட்டரின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 22 பாகை கீழே. பாயில் அமர்ந்தால் இந்தக் கோணம் 30 பாகையை நெருங்கும். டோர்ச்சைக் கூரை உயரத்தில் கிடையாகப் பிடித்துவிட்டுத் தரையில் புத்தகம் வாசிப்பதற்கு ஒப்பானது இது. பெட்டியைக் காது உயரத்துக்கு இறக்க முடியாவிட்டால், அதன் பின்பக்கத்தின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்து முகத்தைக் கீழே சாய்க்கலாம். இரண்டு பெட்டிகளையும் கேட்பவரை நோக்கிச் சற்று உள்ளே திருப்புவதும் இதே பயனைத் தரும். உயர் ஒலி கூடுதலாக உறுத்தும் வீட்டில் இதையே மறுபக்கமாகச் செய்யலாம்: பெட்டிகளை நேராகப் பார்க்க வைத்தால் கேட்பவர் ட்வீட்டரின் கூர்முனையிலிருந்து விலகிவிடுவார். செலவில்லாத ட்ரெபிள் குமிழ் இது.

ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்ட உயர் ஒலியை வளியும் தின்கிறது. ஆனால் வீட்டுக்குள் அந்த இழப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல. 20 பாகை செல்சியஸ் வெப்பம், 70 வீத ஈரப்பதம் உள்ள வளியில் 1 கிலோமீற்றர் போகும் ஒலி, தூரத்தால் வரும் இயல்பான தேய்வுக்கு மேலாக, 1,000 ஹேர்ட்ஸில் சுமார் 5 டெசிபெல் இழக்கிறது; 8,000 ஹேர்ட்ஸிலோ சுமார் 77 டெசிபெல். பள்ளத்தாக்கின் அக்கரையிலுள்ள கோவில் திருவிழாவின் பாட்டு இக்கரைத் தோட்டத்துக்கு வரும்போது சொற்கள் தேய்ந்து குழைந்த ராகமாக மட்டும் கேட்பதற்கு இது ஒரு காரணம். மூன்று மீற்றர் அறையில் அதே இழப்பு கால் டெசிபெல்லுக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது. ஈரக்காற்று ஒலியை மந்தமாக்கும் என்ற எண்ணமும் தவறு. 15 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் 20 வீதமாக இருந்தால் 8,000 ஹேர்ட்ஸ் ஒலி கிலோமீற்றருக்கு 202 டெசிபெல் இழக்கும். 80 வீதமானால் 83 டெசிபெல்தான். நக்கிள்ஸ் அடிவாரத்து ஈரக்காற்று உயர் ஒலிக்கு நண்பன்.

ஆக, வீட்டுக்குள் உயர் ஒலியின் விதியைத் தீர்மானிப்பவை சுவர், தரை, கூரை, துணி. கேட்பவரிடம் இரண்டு வகை ஒலி வந்து சேர்கிறது. ஒன்று பெட்டியிலிருந்து நேரே வருவது. மற்றது சுவர்களில் பலமுறை தெறித்து எல்லாத் திசையிலிருந்தும் வருவது. இந்தத் தெறிப்பொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை முதன்முதலில் கணக்கிட்டவர் வொலஸ் சபீன். 1895 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபொக் விரிவுரை மண்டபத்தில் பேசியது எதுவும் விளங்கவில்லை என்ற முறைப்பாட்டைத் தீர்க்க அவர் நியமிக்கப்பட்டார். பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிது: அறையின் கனவளவை 0.161 ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் தேயும் நேரம் செக்கனில் கிடைக்கும். உறிஞ்சலுக்கு அவர் எடுத்த அலகு திறந்த ஜன்னல். அதன் வழியே போகும் ஒலி திரும்பி வராது. ஒரு சதுர மீற்றர் திறந்த ஜன்னல் ஓர் அலகு.

இந்த அலகில் வீட்டுப் பொருட்களை நிறுத்துப் பார்த்தால் அவற்றின் குணம் வெளிப்படும். சீமெந்துத் தரையும் பூசிய சுவரும் எந்த மீடிறனிலும் இரண்டு மூன்று வீதத்தைத்தான் உறிஞ்சும். சீமெந்தின் மேல் விரித்த கார்பெட் 4,000 ஹேர்ட்ஸில் சுமார் 65 வீதத்தை விழுங்கும். 125 ஹேர்ட்ஸில் 2 வீதம் மட்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரைச்சீலை 4,000 ஹேர்ட்ஸில் சுமார் 65 வீதமும் 125 ஹேர்ட்ஸில் 14 வீதமும் உறிஞ்சும். மெல்லிய திரை 4,000 ஹேர்ட்ஸில் 35 வீதத்தோடு நின்றுவிடும். ஜன்னல் கண்ணாடி இதற்கு நேர்மாறானது: தாழ்ந்த ஒலிக்கு அதிர்ந்துகொடுத்து மூன்றிலொரு பங்கை உறிஞ்சும்; உயர் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். சுருங்கச் சொன்னால், துணி உயர் ஒலியைத் தின்னும், கண்ணாடியும் சீமெந்தும் அதைத் துப்பும்.

வத்தேகமவில் பொதுவாகக் காணக்கூடிய ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம்: 4 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். கனவளவு 42 கன மீற்றர். சுற்றுப்பரப்பு மொத்தம் 73 சதுர மீற்றர். அறை வெறுமையாக இருந்தால் 4,000 ஹேர்ட்ஸில் சுவர், தரை, கூரை ஆகியவற்றின் உறிஞ்சல் சுமார் 2.2 அலகு, அறை வளி இன்னும் 0.9 அலகு சேர்க்கும். ஒலி அடங்க ஏறத்தாழ 2.2 செக்கன் ஆகும். ஒரு கோவில் மண்டபத்தின் நீட்சி இது. பாட்டின் ஒரு சொல் மறுசொல்லின் மேல் ஏறிக் கிடக்கும். வாசற்கதவைத் திறந்துவிட்டால் கிடைக்கும் 1.8 சதுர மீற்றர் திறப்பே இந்த நேரத்தை 1.4 செக்கனாகக் குறைத்துவிடும். அதே அறையில், கதவைச் சாத்திவிட்டு, 6 சதுர மீற்றர் தடித்த திரை, 5 சதுர மீற்றர் கார்பெட், மூன்று பேர் என்று சேர்த்தால் நேரம் 0.6 செக்கனுக்கு இறங்கும். வீட்டில் பாட்டுக் கேட்கப் பொருத்தமான அளவு அதுவே. இன்னும் மேலே போய் நான்கு சுவரிலும் திரை தொங்கவிட்டால் உயர் ஒலி முழுவதும் உறிஞ்சப்பட்டு, அசைக்க முடியாத 'பேஸ்' மட்டும் அறையில் உருண்டுகொண்டிருக்கும். மெத்தென்ற வசதியான அறையில் பாட்டு மந்தமாக ஒலிப்பதன் இரகசியம் இது.

நேரொலிக்கும் தெறிப்பொலிக்கும் இடையே எது மேலோங்கும் என்பது பெட்டிக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. மேற்சொன்ன அறை வெறுமையாக இருக்கும்போது, எல்லாப் பக்கமும் பரவும் ஒலிக்கு அது வெறும் கால் மீற்றர். துணி சேர்த்த பிறகு அரை மீற்றர். முன்னோக்கிக் குவியும் உயர் ஒலிக்கு, துணி சேர்த்த அறையில் சுமார் ஒன்றரை மீற்றர் வரை நீளலாம். மூன்று மீற்றர் தள்ளிக் கதிரை போட்டிருப்பவர் பெட்டியைக் கேட்பதைவிட அறையைத்தான் கூடுதலாகக் கேட்கிறார். அறை சரியில்லாத வீட்டில் கதிரையைப் பெட்டிக்கு ஒன்றரை மீற்றர் அருகே இழுத்துப்போடுவது, விலை கூடிய புதிய பெட்டியைவிடப் பயன் தருவதன் காரணம் இதில் இருக்கிறது.

இந்த உண்மை ஆய்வாளர்களுக்கே தாமதமாகத்தான் தெளிவானது. அக்குஸ்ரிக் ரிசேர்ச்சைச் சேர்ந்த ரோய் அலிசனும் ரொபேர்ட் பெர்கோவிற்சும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, மக்கள் வாழும் அறைகளிலேயே ஒலிபெருக்கிகளை அளந்து 1972 இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். எதிரொலியற்ற அறையில் பெட்டியின் நேர்முன்னே மீடிறன் வாரியாக ஒலியளவை அளந்து வரைந்த கோட்டுக்கும், வீட்டில் கேட்பவரின் இடத்தில் அளந்த கோட்டுக்கும் ஒற்றுமை குறைவு. வீட்டுக் கோடு உயர் பக்கத்தில் சரிந்து இறங்குகிறது. காரணம் இரண்டு: பெட்டி தாழ்ந்த ஒலியை நாற்புறமும் உயர் ஒலியை முன்புறம் மட்டுமே அனுப்புகிறது, அறையின் துணிகள் உயர் ஒலியைக் கூடுதலாகத் தின்கின்றன. 1974 இல் டென்மார்க்கின் ப்ரூவல் அன்ட் கியார் நிறுவனம் இந்தச் சரிவை ஒரு குறையாகப் பார்க்காமல், வீட்டில் இருக்க வேண்டிய இயல்பான வடிவமாகவே வரைந்து காட்டியது. வீட்டு ஒலியைக் கருவி வைத்து அளந்து, கோட்டை மட்டமாக்குகிறேன் என்று ட்ரெபிளை ஏற்றுபவருக்குக் கிடைப்பது கீச்சொலிதான்.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபுளோய்ட் ரூல் 1980களில் நடத்திய சோதனைகள், வீட்டுக்கு எத்தகைய பெட்டி ஏற்றது என்ற கேள்விக்குத் தெளிவு தந்தன. எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னே வைத்துக் கேட்கச் செய்தபோது, கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே வகைப் பெட்டியை விரும்பினர்: நேர்முன்னே மட்டமான ஒலியும், பக்கவாட்டில் மேடுபள்ளமின்றிப் படிப்படியாகக் குறையும் ஒலியும் உள்ளது. பக்கவாட்டு ஒலி முக்கியமாவது, தெறித்து வருவது அதுதான் என்பதால். இதன் மறு எல்லையில் நிற்பது 1968 இல் வந்த போஸ் 901. அதன் ஒன்பது கூம்புகளில் எட்டு பின்சுவரைப் பார்த்தபடி இருக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்குப் பின்னால் தடித்த திரை தொங்கினால், ஒலிபெருக்கியின் பெரும்பகுதியைப் போர்வைக்குள் வைத்ததாகிவிடும்.

தெறிப்புகளில் இரண்டு வகை தனிக் கவனத்துக்குரியவை. முதலாவது, மிக அருகிலிருந்து வருவது. பெட்டிக்கும் கேட்பவருக்கும் நடுவே கண்ணாடி டீப்போ இருந்தாலோ, பெட்டி ஷோகேசின் உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தாலோ, நேரொலியின் பின்னாலேயே அதன் பிரதி வந்து சேரும். பிரதி 34 சென்ரிமீற்றர் கூடுதலாகப் பயணித்தால் ஆயிரத்திலொரு செக்கன் பிந்தும். அப்போது 500, 1,500, 2,500 ஹேர்ட்ஸ் என்று வரிசையாகச் சில மீடிறன்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒலி சீப்புப் பல் விழுந்ததுபோலாகிக் குழாய்க்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். பெட்டியைத் தட்டின் விளிம்புவரை முன்னே இழுப்பதும், டீப்போவின் மேல் ஒரு தடித்த துணியை விரிப்பதும் போதும்.

இரண்டாவது, எதிரெதிரான இரண்டு வெறுஞ்சுவர்களுக்கிடையே பந்துபோல் அடிபடும் ஒலி. சுவர்கள் 3.5 மீற்றர் இடைவெளியில் இருந்தால் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 49 தடவை போய்வரும். அறை நடுவே நின்று ஒருமுறை கை தட்டினால், தட்டலின் வாலில் ஓர் உலோக ரீங்காரம் கேட்கும். அந்த ரீங்காரமே ஜால்ராவுக்கும் 'ஸ'காரத்துக்கும் கரகரப்பைச் சேர்க்கிறது. இரு சுவரில் ஒன்றை மட்டும் கலைத்தால் போதும்: புத்தகங்கள் ஒழுங்கற்று அடுக்கிய தட்டு, தொங்கும் சேலை, கொடியில் போட்ட கம்பளி. கண்ணாடி போட்ட சாமிப்படங்களும் குடும்பப் படங்களும் அழகுக்கு உதவும்; இந்த ரீங்காரத்துக்கு அவை மருந்தல்ல.

தோட்டத்து லயங்களின் கணக்கு சற்று வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கட்டில், மெத்தை, துணிமணி எல்லாம் நெருங்கியிருப்பதால் உயர் ஒலிக்கு உறிஞ்சல் பொதுவாகப் போதும். பெட்டிக்கும் காதுக்கும் தூரமும் குறைவு. அங்கே சிக்கல் தகரக் கூரை. மழை பெய்யும்போது தகரத்தில் விழும் துளிகளின் இரைச்சல் உயர் மீடிறன்களிலும் பரந்து கிடப்பதால், பாட்டின் மெல்லிய மேற்சுரங்களை முழுக்க மறைத்துவிடும். அந்த நேரத்தில் ட்ரெபிளை ஏற்றிவிட்டு, மழை விட்ட பின் இறக்க மறப்பது அடுத்த நாள் காதுவலிக்கு வழி. பாட்டுக் கேட்கும் இடம் இஸ்தோப்பாக இருந்தால் ஒரு பக்கம் முழுவதும் திறந்த ஜன்னலுக்குச் சமம். தெறிப்பொலி குறைந்து நேரொலியே மேலோங்கும். பெட்டியின் முகம் அங்கே இன்னும் கவனமாகத் திருப்பப்பட வேண்டும்.

அடுத்த காம்பராக்காரரின் காதும் இந்தக் கணக்கில் சேரும். சுவர் உயர் ஒலியை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே அவருக்குப் போய்ச் சேர்வது பாட்டல்ல, 'டும் டும்' மட்டுமே. இரவில் அயலாருக்குத் தொந்தரவு கொடுக்காமலிருக்கக் குறைக்க வேண்டியது பேஸ் குமிழை. ட்ரெபிளைக் குறைத்தால் தன் வீட்டுப் பாட்டு கெடும். அயலார் தூக்கமும் திரும்பாது.

கடைசி இடம் காது. வயது ஏற ஏறக் கேள்விப் புலன் மேலிருந்து கீழாகத் தேய்கிறது. சிறு பிள்ளைகளுக்குக் கேட்கும் மிக உயர்ந்த மீடிறன்கள் ஐம்பதைத் தாண்டிய பலருக்குக் கேட்பதில்லை. ஒரே அறையில், ஒரே பாட்டுக்கு, பேரப்பிள்ளை காதைப் பொத்துவதும் தாத்தா இன்னும் தெளிவு வேண்டும் என்பதும் பிடிவாதத்தால் அல்ல. ஒலியின் அளவும் ஒரு காரணி: ஃபிளெச்சரும் மன்சனும் 1933 இல் காட்டியதுபோல், சத்தத்தைக் குறைக்கும்போது காது தாழ்ந்த ஒலியை வெகுவாகவும் மிக உயர்ந்த ஒலியை ஓரளவும் இழக்கிறது. ஆகவே இரண்டு பெட்டிகளை ஒப்பிடுபவர் இரண்டையும் ஒரே சத்த அளவில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கூடிய பெட்டியே தெளிவானதாகத் தோன்றும்.

இத்தனையையும் செயலாக மாற்றினால் ஓர் ஒழுங்கு கிடைக்கும். முதலில் நல்ல பதிவு. பிறகு ட்வீட்டர் காது உயரத்தில், கேட்பவரை நோக்கி. பிறகு கதிரையின் தூரம். பிறகு அருகிலுள்ள கண்ணாடியையும் பலகையையும் விலக்குவது. பிறகு கைதட்டிப் பார்த்து, ரீங்காரம் இருந்தால் ஒரு சுவரைக் கலைப்பது. அறை முழங்கினால் துணி சேர்ப்பது, மந்தமாக இருந்தால் துணியைக் குறைப்பது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ட்ரெபிள் குமிழ் நேரொலியையும் தெறிப்பொலியையும் ஒரே அளவில் ஏற்றும், ஒரே அளவில் இறக்கும். திசை தவறிய பெட்டியைத் திருப்பவோ முழங்கும் சுவரை அடக்கவோ அதற்குத் தெரியாது. மற்றவை எல்லாம் சரியான பின், பதிவுக்குப் பதிவு வேறுபடும் சிறு வித்தியாசத்தையும் காதுக்குக் காது வேறுபடும் சிறு விருப்பத்தையும் ஈடுசெய்வதே அதன் வேலை. அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு சிறு திருகல் போதும்.

அன்புடன்,
வத்தேகமவிலிருந்து ஓர் இசை ரசிகர்